கம்பெனி இல்லாமலே கிரீன் கார்டா? ஒரகடம் பொறியாளர்கள் கேட்கும் 'தேசநலன் விலக்கு': கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன?

சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தால், ரீல்ஸுக்கு நடுவில் இப்படி ஒரு விளம்பரம் வந்து விழுகிறது. "அமெரிக்காவில் வேலை தர கம்பெனி வேண்டாம். எச்-1பி லாட்டரி வேண்டாம். நீங்களே விண்ணப்பிக்கலாம். 45 நாளில் கிரீன் கார்டு அப்ரூவல்!"

இதில் எது உண்மை, எது உடான்ஸ்? முதல் மூன்று வரிகளும் உண்மைதான். சிக்கல் நாலாவது வரியில் இருக்கிறது. 'கிரீன் கார்டு' என்பது ஒன்று, 'அப்ரூவல்' என்பது வேறொன்று. விளம்பரம் ரெண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டது. இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு இந்த ரெண்டுக்கும் நடுவில் பத்து வருஷத்துக்கும் மேலான தூரம் இருக்கலாம்.

இந்த வழியின் பெயர் 'நேஷனல் இன்ட்ரஸ்ட் வெய்வர்', சுருக்கமாக என்.ஐ.டபிள்யூ. தமிழில் தேசநலன் விலக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சியாளர்களும் பொறியாளர்களும்தான் இதை அதிகம் நாடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வாகனச் சோதனை, பேட்டரி, எலக்ட்ரானிக்ஸ் வேலைகளில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதை விரிவாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளியிட்ட பிரகடனம்தான் காரணம். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்காகப் புதிதாக எச்-1பி மனு போடும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது அது. செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் பணத்தில் கிட்டத்தட்ட 88 லட்சம் ரூபாய். ஒரகடத்தில் இருக்கும் ஒரு நடுத்தர அனுபவப் பொறியாளருக்காக எந்த நிறுவனம் இவ்வளவு கட்டும்? அதனால் 'நிறுவனமே தேவையில்லை' என்ற வழியின் பக்கம் எல்லோருடைய கண்ணும் திரும்பியிருக்கிறது. ஏஜென்டுகளின் கண்ணும்தான்.

சரி, தேசநலன் விலக்கு என்றால் என்ன?

அமெரிக்காவில் வேலை அடிப்படையில் நிரந்தரமாகக் குடியேற பல பிரிவுகள் உண்டு. அதில் இரண்டாவது, இபி-2. முதுகலைப் பட்டமோ, நாலு வருஷப் பட்டத்தோடு அதே துறையில் ஐந்து வருஷம் படிப்படியாக உயர்ந்த அனுபவமோ உள்ளவர்களுக்கானது. இவர்களைத் தவிர, 'அசாதாரணத் திறமை' இருப்பதாக ஆதாரம் காட்டுபவர்களும் இதில் வரலாம்.

வழக்கமாக இந்தப் பிரிவில் ஒரு அமெரிக்க நிறுவனம் உங்களுக்கு வேலை தர முன்வர வேண்டும். அதோடு, 'இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை' என்று விளம்பரம் கொடுத்து, தேடிப் பார்த்து, தொழிலாளர் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவருடைய வேலை அமெரிக்காவின் தேசநலனுக்கு உகந்தது என்றால், வேலை வாய்ப்பும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம் என்று அரசு சொல்லலாம். 1990 குடியேற்றச் சட்டம் திறந்துவிட்ட கதவு இது.

'தேசநலன்' என்றால் என்ன என்று சட்டம் எங்கேயும் விளக்கவில்லை. அதனால்தான் அது இத்தனை வருஷமாக மனு போடுபவர்களையும் அதிகாரிகளையும் சுற்றவிட்டிருக்கிறது.

ஒரு பாலம், ஒரு ஹைப்பர்சோனிக் இன்ஜின்

இந்த விலக்குக்கு முதலில் அளவுகோல் வைத்தது 1998-இல் வந்த ஒரு தீர்ப்பு. நியூயார்க் மாகாணப் போக்குவரத்துத் துறை, பாலங்களைக் கவனிக்கும் ஒரு பொறியாளருக்காக மனு போட்டது. பாலம் முக்கியம்தான், அது நாடு முழுக்க உள்ள போக்குவரத்தோடு தொடர்புடையதும்தான் என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இந்த ஒருவருக்காகச் சான்றிதழ் நடைமுறையைத் தள்ளிவைக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டு மனுவை நிராகரித்தார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்பது மட்டும் போதாது, அதைக் கவனிக்கத்தான் சான்றிதழ் நடைமுறை இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் இந்தக் கடுமையான அளவுகோல்தான் நடந்தது.

2016 டிசம்பர் 27 அன்று வந்தது 'தனசார்' தீர்ப்பு. (முதல் தடவை படிக்கும்போது நம்ம ஊர் தனசேகர் யாரோ என்றுதான் தோன்றியது!) மனுதாரர் அமெரிக்காவில் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர், ஆசிரியரும்கூட. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் போகும் வாகனங்களுக்கான உந்துவிசை அவருடைய துறை. நாசாவும் அமெரிக்க விமானப்படை ஆய்வகமும் நிதி கொடுத்த திட்டங்களில் முக்கியப் பங்கு வகித்தவர். அவருடைய மனுவும் முதலில் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் பழைய அளவுகோலையே தூக்கிப்போட்டுவிட்டு புதிதாக மூன்று கேள்விகளை வைத்தார்கள். இன்றுவரை ஒவ்வொரு மனுவும் இந்த மூன்றைத்தான் தாண்ட வேண்டும்.

நீங்கள் செய்யப்போகும் முயற்சிக்கு உண்மையான மதிப்பும் தேசிய அளவிலான முக்கியத்துவமும் இருக்கிறதா? அதைச் செய்து முடிக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? இந்த ரெண்டும் சரி என்றால், வேலை வாய்ப்பும் சான்றிதழும் இல்லாமல் உங்களை விடுவது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அமெரிக்காவுக்கு நல்லதா?

அந்தத் தீர்ப்பில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. அவருடைய ஆராய்ச்சியைத் தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று ஏற்றவர்கள், அவருடைய கற்பித்தலை அப்படி ஏற்கவில்லை. வகுப்பில் பாடம் எடுப்பது மதிப்பான வேலைதான், ஆனால் அதன் தாக்கம் அந்த வகுப்பறையைத் தாண்டி அந்தத் துறை முழுவதும் பரவுவதாக ஆதாரம் இல்லை என்றார்கள். ஒரே ஆள், ஒரே மனு. ஒரு வேலை தேறியது, இன்னொன்று தேறவில்லை.

ஒரகடத்தில் செய்யும் வேலை இதில் தேறுமா?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ - நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் என்று இந்தப் பகுதியில் பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஜி.ஏ.ஆர்.சி மையமும் ஒரகடத்தில்தான் இருக்கிறது. ஆக, இங்கே 'ஆராய்ச்சி' என்பது வெள்ளைக் கோட்டு போட்ட ஆய்வகத்தில் மட்டும் நடப்பதில்லை. பேட்டரி சூடாவதைக் கட்டுப்படுத்துவது, மோதல் சோதனையைக் கணினியில் நடத்திப் பார்ப்பது, புது வகை எஃகை வெல்டிங் செய்வது, டயர் ரப்பர் கலவை என எல்லாமே ஆராய்ச்சிதான்.

ஆனால் அதிகாரி பார்ப்பது உங்கள் பதவியை இல்லை. 'பதினைந்து வருஷமா லைன்ல குவாலிட்டி பார்க்கிறேன், ஒரு ரிஜெக்ட் கூட வரல' என்பது நல்ல பொறியாளருக்கான சான்று. அது தேசிய முக்கியத்துவத்துக்கான சான்று ஆகாது. 'மின்சார லாரிகளின் பேட்டரி தீப்பிடிப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறேன், அதை அமெரிக்காவில் இன்ன விதத்தில் வளர்க்கப்போகிறேன், ஒரு நிறுவனத்தோடு நிற்காமல் துறையே பயன்படுத்த முடியும்' என்று சொன்னால் பேச்சு வேறு. அதைச் சொன்னால் போதாது, நிரூபிக்கவும் வேண்டும்.

அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்கு 2022 ஜனவரியில் ஒரு நல்ல செய்தி வந்தது. முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்க அரசு முக்கியம் என்று பட்டியலிட்டுள்ள வளரும் தொழில்நுட்பங்களில் வேலை செய்பவர்களின் மனுக்களைச் சாதகமாகப் பார்க்கலாம் என்று குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் வழிகாட்டுதல் வெளியிட்டது. செமிகண்டக்டர், செயற்கை நுண்ணறிவு, நவீன உற்பத்தி முறைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா சிப்ஸ் சட்டத்தையும் கொண்டு வந்தது. மனுக்கள் குவிந்தன. குவிந்ததும் கெடுபிடியும் வந்தது, நிராகரிப்பும் கூடியது. 2025 ஜனவரி 15 அன்று வந்த புதிய வழிகாட்டுதல், உங்கள் பட்டமும் ஐந்து வருஷ அனுபவமும் நீங்கள் முன்வைக்கும் முயற்சியோடு நேரடியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. மெக்கானிக்கல் படித்துவிட்டு 'ஏஐ ஸ்டார்ட்அப் தொடங்கப்போகிறேன்' என்று எழுதினால் முதல் படியிலேயே கேள்வி வரும்.

இன்னொன்றையும் ஏஜென்டுகள் சொல்வதில்லை. இந்தப் பகுதியில் டிப்ளமோ முடித்து, உழைப்பால் மேலே வந்தவர்கள் ஏராளம். மூன்று வருஷ பி.எஸ்சி படித்தவர்களும் நிறைய. பொதுவாக மூன்று வருஷப் பட்டத்தை அமெரிக்காவின் நாலு வருஷப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. டிப்ளமோவுக்கும் இதே கதிதான். இவர்கள் 'அசாதாரணத் திறமை' வழியாக ஆறு வகை ஆதாரங்களில் மூன்றையாவது காட்ட வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் கடினம்.

ஆதாரம் யாருடையது?

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருக்கு ஆய்வுக் கட்டுரை இருக்கும், அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு இருக்கும். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு? அவர் கண்டுபிடித்தது நிறுவனத்தின் சொத்து. டிராயிங் நிறுவனத்துடையது, சோதனைத் தரவும் நிறுவனத்துடையது. ரகசியம் காப்பேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருப்பார். மனுவில் சேர்க்கலாமே என்று உள் அறிக்கையை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்தால், அமெரிக்கா போவதற்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும்.

அப்போ என்னதான் காட்டுவது? வெளியுலகுக்குத் தெரிந்தவற்றைக் காட்டலாம். காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் கண்டுபிடித்தவர் பெயர் அதில் இருக்கும். தொழில்துறை மாநாடுகளில் வாசித்த கட்டுரைகள், தர நிர்ணயக் குழுக்களில் பங்கேற்றது ஆகியவை உதவும். உங்களோடு வேலை செய்யாத, ஆனால் உங்கள் வேலையைத் தெரிந்த நிபுணர்கள் எழுதும் கடிதத்துக்கு, உங்கள் மேனேஜர் எழுதும் கடிதத்தைவிட மதிப்பு அதிகம். நீங்கள் உருவாக்கியதை வேறு நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன என்றால் அதைவிடப் பெரிய சான்று இல்லை.

இந்த இடைவெளியில்தான் ஒரு வியாபாரம் நுழைந்திருக்கிறது. 'நாலு கட்டுரை, ரெண்டு பரிந்துரைக் கடிதம், ஒரு விருது' என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். நீங்கள் எழுதாத கட்டுரையில் உங்கள் பெயர் வரும். பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது இது. முக்கியமான விஷயத்தில் பொய் சொல்லிக் குடியேற்றச் சலுகை கேட்டதாக அமெரிக்க அதிகாரி முடிவு செய்தால், அந்த ஆள் அமெரிக்காவுக்குள் நுழையத் தகுதியற்றவர் ஆகிவிடுவார். அதற்குக் கால வரம்பு கிடையாது. பிற்காலத்தில் டூரிஸ்ட் விசாவில் பேரக்குழந்தையைப் பார்க்கப் போவதற்குக்கூட தனியாக விலக்கு கேட்க வேண்டிய நிலை வரும்.

'அப்ரூவல்' வந்தாச்சு. அடுத்து?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையமே. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் போடுவது ஐ-140 என்ற மனு. கட்டணம் 715 டாலர். சுயமாக மனு போடுபவர்கள் அதோடு 300 டாலர் சேர்த்துக் கட்ட வேண்டும். மொத்தம் சுமார் 90 ஆயிரம் ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. விரைவாகப் பார்க்கச் சொல்ல இன்னொரு கட்டணம் உண்டு, அது 2024 பிப்ரவரியில் 2,805 டாலராக, அதாவது சுமார் இரண்டரை லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைக் கட்டினால் 45 வேலை நாளில் பதில் வரும். வேலை நாள் என்பதால் காலண்டரில் ஒன்பது வாரம் ஆகும். விளம்பரத்தில் வரும் '45 நாள்' இதுதான். அதிலும் வாக்குறுதி பதிலுக்குத்தான், ஒப்புதலுக்கு இல்லை. 'இன்னும் ஆதாரம் கொடு' என்பதும் பதில்தான், 'முடியாது' என்பதும் பதில்தான்.

ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கையில் கிரீன் கார்டு இல்லை. விசாவும் இல்லை. அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதியும் இல்லை. கிடைத்திருப்பது ஒரு தேதி. நீங்கள் மனு போட்ட நாள் உங்களுடைய 'முன்னுரிமைத் தேதி' ஆகிறது. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதுதான் இது. ஒரே வித்தியாசம், பஸ் இன்னும் டிப்போவிலிருந்து கிளம்பவே இல்லை.

வேலை அடிப்படையில் அமெரிக்கா ஆண்டுக்குக் கொடுக்கும் கிரீன் கார்டுகள் சுமார் 1,40,000. அதில் இபி-2 பங்கு 28.6 சதவீதம், சுமார் 40,000. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. அப்படிப் பார்த்தால் இந்தியாவுக்கு இந்தப் பிரிவில் ஆண்டுக்குச் சுமார் 2,800. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இந்த எண்ணிக்கையில் மனைவி, பிள்ளைகளும் அடக்கம். வேலை அடிப்படையிலான எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துக் காத்திருப்பவர்கள் சுமார் 18 லட்சம் பேர், அதில் சுமார் 11 லட்சம் பேர் இந்தியர்கள் என்று அமெரிக்காவின் கேட்டோ ஆய்வு நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது.

2025 அக்டோபர் மாத விசா புல்லட்டினைப் பாருங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 பிரிவில் இருந்த தேதி 2013 ஏப்ரல் 1. அதாவது பன்னிரண்டரை வருஷத்துக்கு முன்னால் துண்டு போட்டவர்களுக்குத்தான் அப்போது சீட்டு. 'அப்போ நான் இன்னைக்கு போட்டா 2038-ல கிடைச்சிடும்ல?' என்று கேட்காதீர்கள். கணக்கு அப்படிப் போகாது. 2013-க்குப் பிறகு வரிசையில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 2,800 பேர் இல்லை, அதைப்போல் பல மடங்கு.

தேசநலனுக்கு உகந்தவர் என்று அரசே ஒப்புக்கொண்ட ஆளுக்கும் இதே வரிசைதானா? ஆமாம், இதே வரிசைதான். விலக்கு கிடைப்பது சான்றிதழிலிருந்து மட்டும். வரிசையிலிருந்து கிடையாது.

காஞ்சிபுரத்தில் பிறந்தவரும் மஸ்கட்டில் பிறந்தவரும்

ஒரு கற்பனை உதாரணம். ஒரகடத்தில் ஒரே ஆலையில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு பொறியாளர்கள். ஒரே படிப்பு, ஒரே காப்புரிமையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஒருவர் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தவர். இன்னொருவரின் அப்பா அப்போது ஓமனில் வேலை பார்த்ததால் மஸ்கட்டில் பிறந்து, மூன்று வயதில் ஊருக்கு வந்தவர். இருவருமே இந்தியக் குடிமக்கள், இந்தியப் பாஸ்போர்ட்.

அமெரிக்கா பார்ப்பது குடியுரிமையை இல்லை, பிறந்த நாட்டை. அதே அக்டோபர் 2025 புல்லட்டினில், தனி வரிசை இல்லாத மற்ற நாடுகளுக்கு இருந்த தேதி 2023 டிசம்பர் 1. காஞ்சிபுரத்துக்காரருக்கு 2013. மஸ்கட்காரருக்கு 2023. பாஸ்போர்ட்டில் 'பிறந்த இடம்' என்று ஒரே ஒரு வரி, அதுதான் பத்து வருஷத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு சின்ன வழி இருக்கிறது. கணவன் அல்லது மனைவி பிறந்த நாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வாழ்க்கைத் துணை கொழும்பிலோ, கோலாலம்பூரிலோ, துபாயிலோ பிறந்தவர் என்றால், அந்த நாட்டு வரிசையில் இருவரும் சேர்ந்து நிற்கலாம். தமிழ்க் குடும்பங்களில் இது அபூர்வம் இல்லை. ஆனால் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

இன்னும் ஒரு கூட்டம் கவனிக்க வேண்டியது உண்டு. முன்பு அமெரிக்காவில் எச்-1பியில் வேலை செய்து, அப்போதைய நிறுவனம் போட்ட ஐ-140 ஒப்புதலாகி, அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து இங்கே வேலை செய்பவர்கள். மோசடி, தவறு போன்ற காரணங்களுக்காக அந்த ஒப்புதல் ரத்தாகாமல் இருந்தால், பழைய தேதி உங்களுடையதே. புதிதாகத் தேசநலன் விலக்கு வாங்கினால் அந்தப் பழைய தேதியை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். 2012-இல் போட்ட துண்டு இன்னும் சீட்டில் கிடக்கிறது என்று அர்த்தம். பழைய ஃபைலைத் தேடி எடுங்கள்.

யாருக்குப் பயன், யாருக்குப் பாதகம்?

ஏற்கனவே அமெரிக்காவில் எச்-1பியில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்புதல் நிஜமாகவே பெரிய விஷயம். எச்-1பி ஆறு வருஷத்தோடு முடிந்துவிடும். ஐ-140 ஒப்புதல் இருந்து வரிசையில் காத்திருந்தால், மூன்று மூன்று வருஷமாக நீட்டித்துக்கொண்டே போகலாம். மனைவி அல்லது கணவர் வேலை செய்யவும் அனுமதி கேட்கலாம். நிறுவனம் வேலையை விட்டுத் தூக்கினாலும் ஒப்புதல் உங்கள் பெயரிலேயே இருக்கும். அங்கே பிஎச்டி முடித்துவிட்டு இருக்கும் நம் பிள்ளைகள் இதற்காக அலைவதில் நியாயம் இருக்கிறது.

ஒரகடத்தில் உட்கார்ந்துகொண்டு மனு போடுபவருக்கு இது எதுவும் இல்லை. வெறும் தேதிதான். பாதகமும் உண்டு. இங்கே இருக்கும் பல பொறியாளர்கள் இயந்திரம் பார்க்கவும் வாடிக்கையாளரைச் சந்திக்கவும் பி-1 விசாவில் அமெரிக்கா போய்வருகிறார்கள். அந்த விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. நீங்களே போட்டாலும் பதில் 'ஆம்' தான். குறுகிய காலம் போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டிய விசா அது. மாணவர் விசாவுக்கும் இதே சிக்கல். எச்-1பிக்கும் எல்-1க்கும் இந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நுணுக்கம். வரிசை நகர்வதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் பெற்றோரின் மனுவிலிருந்து கழன்றுவிடுவார். 2002-இல் வந்த ஒரு சட்டம் கொஞ்சம் கருணை காட்டுகிறது. மனு நிலுவையில் இருந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அப்படியென்றால் இரண்டரை லட்சம் கட்டி ஒன்பது வாரத்தில் ஒப்புதல் வாங்கினால் கழிவது ஒன்பது வாரம்தான். சாதாரண வேகத்தில் ஒரு வருஷம் கிடந்தால் ஒரு வருஷம் கழியும். மஸ்கட்காரர் மாதிரி வரிசை குறைவாக உள்ளவருக்கு இது நிஜக் கணக்கு. காஞ்சிபுரத்துக்காரருக்கு, இன்று எல்கேஜி படிக்கும் பிள்ளையே 21-ஐத் தாண்டிவிடும் அபாயம் இருக்கும்போது, ஒரு வருஷம் எந்த மூலைக்கு?

வேறு வழி? இபி-1 என்ற முதல் பிரிவில் 2025 அக்டோபரில் இந்தியர்களுக்கான தேதி 2022 பிப்ரவரி 15. வரிசை எவ்வளவோ சின்னது. ஆனால் துறையில் உச்சத்தில் இருக்கும் சிலரில் ஒருவர் என்று காட்ட வேண்டும். இன்று இபி-2வில் துண்டு போட்டு, சில வருஷத்தில் சாதனைகள் சேர்ந்ததும் அதே தேதியோடு இபி-1க்கு மாறுபவர்கள் உண்டு. ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களுக்குத் தேசநலன் விலக்கின் உருப்படியான பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவும் 2024 டிசம்பரில் 'நேஷனல் இன்னோவேஷன் விசா' என்று ஒன்றைத் தொடங்கியது. அழைப்பு வந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். நாட்டுவாரி ஏழு சதவீதக் கதை அங்கே இல்லை.

நம்ம வாசலிலும் இதே கேள்வி

'தேசநலன்' பார்த்து ஆளை உள்ளே விடுவது அமெரிக்கா மட்டும் செய்வது இல்லை. 2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு சீனர்களுக்கு விசா கொடுப்பதை இந்தியா வெகுவாக இறுக்கியது. ஆனால் மின்னணு ஆலைகளுக்கு வந்த இயந்திரங்கள் பலவும் சீனாவிலிருந்து வந்தவை, அவற்றை நிறுவிச் சொல்லித்தர ஆட்கள் வேண்டும். ஆலைகள் கெஞ்சின. உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் உள்ள நிறுவனங்களுக்கு அழைத்துவரப்படும் சீனத் தொழில்நுட்பர்களுக்கு விசா நடைமுறையை 2024-இல் மத்திய அரசு எளிதாக்கியது. பாதுகாப்பும் தேசநலன்தான், உற்பத்தியும் தேசநலன்தான். எது முதலில் என்பதை ஒரு அதிகாரி விசா கோப்பில் முடிவு செய்கிறார்.

மறுபக்கமும் கதவு உண்டு. 2025 ஜூலையில், தென்னிந்திய ஐபோன் ஆலைகளில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களையும் தொழில்நுட்பர்களையும் ஃபாக்ஸ்கான் திருப்பி அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது.

பணம் கட்டுவதற்கு முன்னால்

ஏஜென்ட் உட்காரவைத்துப் பேசும்போது முதலில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள், வாழ்க்கைத் துணை எங்கே பிறந்தார், பிள்ளைகளுக்கு என்ன வயது, முன்பு உங்கள் பெயரில் ஐ-140 இருந்ததா, அடுத்த ரெண்டு வருஷத்தில் பி-1 விசா தேவைப்படுமா? இந்த ஐந்தையும் கேட்காமல் 'உங்க ப்ரொஃபைல் சூப்பர் சார், அட்வான்ஸ் கட்டிடலாம்' என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அமெரிக்கக் குடியேற்ற விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற வக்கீலுக்கும், அந்நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டுமே அனுமதி. வக்கீல் எந்த மாகாணத்தில் பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். அந்த மாகாண பார் கவுன்சில் இணையதளத்தில் பெயரைப் போட்டால் வந்துவிடும், இலவசம்தான். மனுவை நீங்களே எழுதிப் போடவும் சட்டப்படி தடை இல்லை. 'தனசார்' தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சில பக்கங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். விசா புல்லட்டின் ஒவ்வொரு மாதமும் அமெரிக்க வெளியுறவுத் துறை இணையதளத்தில் வெளியாகும். அதில் வேலை அடிப்படை அட்டவணையில் 'இந்தியா' என்ற பத்தியையும் இரண்டாவது வரியையும் சேர்த்துப் பாருங்கள்.